நிபந்தனை நீக்க மனு நிலுவையில் இருக்கும்போது குடியுரிமைக்கு விண்ணப்பித்தல் (ஐக்கிய அமெரிக்கா)

ஐக்கிய அமெரிக்கக் குடிமகனையோ குடிமகளையோ மணந்த வெளிநாட்டவர், நிரந்தரக் குடியிருப்பு உரிமை பெற்ற மூன்று ஆண்டுகளில் அந்நாட்டுக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். மணமாகி இரண்டு ஆண்டு நிறையாத தம்பதியருக்கு அந்தக் குடியிருப்பு உரிமை முதலில் இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும், நிபந்தனையுடன் தரப்படுகிறது. அந்த நிபந்தனையை நீக்கக் கோரும் மனு (படிவம் ஐ-751) பெரும்பாலும் உடனடியாக முடிவதில்லை. அது நிலுவையில் கிடக்கும்போதே மூன்று ஆண்டு நிறைந்து, குடியுரிமை விண்ணப்பத்தையும் (படிவம் என்-400) அளிக்கும் தகுதி வந்துவிடுகிறது.

இரண்டையும் ஒரே நேரத்தில் நிலுவையில் வைத்திருப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் நிபந்தனை நீக்க மனு முடிவாகாமல் குடியுரிமை கிடைக்காது. குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டதால் பழைய மனு தேவையற்றதாகிவிடும் என்று கருதுவது இவ்விஷயத்தில் பரவலாகக் காணப்படும் தவறு. குடியுரிமைக்கான எல்லாத் தகுதியும் இருந்தாலும் ஐ-751 மனுவை அளிக்காதவரின் குடியிருப்பு உரிமை இரண்டாம் ஆண்டு முடிவில் தானாகவே முடிவுக்கு வருகிறது. குடியிருப்பு உரிமை இல்லாதவர் குடியுரிமை கேட்க முடியாது.

யாருக்குப் பொருந்தும்

நிரந்தரக் குடியிருப்பு உரிமை கிடைத்த நாளில் திருமணமாகி இரண்டு ஆண்டு நிறையாதவருக்கே நிபந்தனை உண்டு. அன்றைக்கு இரண்டு ஆண்டு கடந்திருந்தால் பத்தாண்டு செல்லுபடியாகும் கிரீன் கார்டு நேரடியாகக் கிடைத்துவிடும். எச்-1பி விசாவில் சென்று, வேலையின் வழியாகக் கிரீன் கார்டு பெறும் இந்தியர்களின் கணவன் அல்லது மனைவிக்கு இந்த நிபந்தனை கிடையாது. திருமண உறவை மட்டுமே அடிப்படையாகக் கொண்டு குடியேறியவருக்குத்தான் இது. எனவே அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்ட மாப்பிள்ளைக்கோ பெண்ணுக்கோ சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ திருமணம் முடித்து அனுப்பும் குடும்பங்கள் இதை எதிர்கொள்ளும் வாய்ப்பு அதிகம்.

இன்னொரு வகை நிலுவையை இதனுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. கிரீன் கார்டுக்கான விண்ணப்பமே (படிவம் ஐ-485) நிலுவையில் இருப்பவர் இன்னும் நிரந்தரவாசி அல்லர். அவர் என்-400 அளிக்கவே முடியாது. அந்தக் காத்திருப்புக் காலம் மூன்றாண்டுக் கணக்கிலும் சேராது. கணக்கு தொடங்குவது, கிரீன் கார்டின் முகப்பில் எந்த நாளிலிருந்து குடியிருப்பாளர் என்று அச்சிட்டிருக்கிறதோ அந்த நாளிலிருந்துதான். குடிவரவு விசாவில் வந்தவருக்கு அது நாட்டுக்குள் அனுமதிக்கப்பட்ட நாள். உள்நாட்டில் இருந்தபடி நிலை மாற்றிக்கொண்டவருக்கு அந்த விண்ணப்பம் ஏற்கப்பட்ட நாள். இதற்கு மாறாக, நிபந்தனையுடன் கழிந்த இரண்டு ஆண்டுகள் மூன்றாண்டுக் கணக்கில் முழுமையாகச் சேரும்.

நிபந்தனை வந்த வரலாறு

அமெரிக்கரை மணந்தால் குடியுரிமை கிடைக்கும் என்பது ஒரு காலத்தில் சொல்லளவிலேயே உண்மையாக இருந்தது. 1855ஆம் ஆண்டுச் சட்டப்படி, அமெரிக்கரை மணந்த வெளிநாட்டுப் பெண், குடியுரிமைக்குத் தகுதியான இனத்தவராக இருந்தால், மணந்ததாலேயே குடிமகள் ஆனார். விண்ணப்பமோ நேர்காணலோ இல்லை. அதன் மறுபக்கமாக, 1907ஆம் ஆண்டுச் சட்டம் வெளிநாட்டவரை மணந்த அமெரிக்கப் பெண்ணின் குடியுரிமையைப் பறித்தது. 1922ஆம் ஆண்டின் கேபிள் சட்டம் இந்த இரண்டையும் பெருமளவு மாற்றி, மனைவியின் குடியுரிமையைக் கணவனுடையதிலிருந்து பிரித்தது. அப்போதும், குடியுரிமைக்குத் தகுதியற்ற இனத்தவரை மணந்த அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையை இழந்தார். இந்தியர்கள் அந்தத் தகுதியற்ற வகையினர் என்று பகத் சிங் திந்து வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1923இல் தீர்ப்பளித்தது. இந்திய விடுதலைப் போராளி தாரக்நாத் தாஸின் அமெரிக்க மனைவி மேரி இவ்வாறு நாடற்றவர் ஆனவர்களுள் ஒருவர். இந்தியர்களுக்குக் குடியுரிமைக் கதவு 1946இல்தான் திறந்தது.

இன்று நடைமுறையில் இருக்கும் மூன்றாண்டு விதி, 1952ஆம் ஆண்டுக் குடிவரவு மற்றும் குடியுரிமைச் சட்டத்தின் 319ஆம் பிரிவில் உள்ளது. இரண்டாண்டு நிபந்தனை அதற்கு வெகுகாலம் பிற்பட்டது. குடியேறுவதற்காகவே செய்துகொள்ளும் போலித் திருமணங்களைத் தடுக்க 1986இல் நாடாளுமன்றம் ஒரு திருத்தச் சட்டம் இயற்றி, 216ஆம் பிரிவைச் சேர்த்தது. திருமண வழி மனுக்களில் ஏறத்தாழ 30 விழுக்காடு சந்தேகத்துக்குரியவை என்று அன்றைய குடிவரவுத் துறை அப்போது கூறியது. அந்த எண்ணைத் தந்த கணக்கெடுப்பு நம்பத்தக்கதல்ல என்பது பின்னர் வெளிப்பட்டது. சட்டம் மட்டும் நிலைத்துவிட்டது. இந்த இரு பிரிவுகளும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நோக்கத்துக்காக எழுதப்பட்டவை. ஒரே குடும்பத்தின் திருமணம் உண்மையானதா என்ற ஒரே கேள்வியை இருமுறை விசாரிக்கும் நிலை அதனால்தான் வந்தது.

காலக் கணக்கு

ஐ-751 மனுவைக் கணவனும் மனைவியும் சேர்ந்து கையெழுத்திட்டு, நிபந்தனைக் கார்டு காலாவதியாவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் அளிக்க வேண்டும். என்-400 விண்ணப்பத்தையும் மூன்று ஆண்டு நிறைவதற்கு 90 நாள் முன்பிருந்து அளிக்கலாம்.

ஒருவர் 2022 ஜூன் 15 அன்று நிபந்தனையுடன் குடியிருப்பு உரிமை பெற்றார் என்று கொள்வோம். அவருடைய கார்டு 2024 ஜூன் 15 அன்று காலாவதியாகும். ஐ-751 அளிப்பதற்கான காலம் 2024 மார்ச் 17 அன்று தொடங்கும். என்-400 அளிப்பதற்கான காலம் 2025 மார்ச் 17 அன்று தொடங்கும். இரண்டுக்கும் இடைவெளி சரியாக ஓராண்டு. ஐ-751 ஓராண்டுக்குள் முடிவாகாத ஒவ்வொருவருக்கும் இரு விண்ணப்பங்களும் ஒன்றன்மேல் ஒன்று விழும்.

ஒரு நாள் முந்தி அளித்தாலும் சிக்கல்தான். முந்தி வந்த ஐ-751 திருப்பி அனுப்பப்படும். முந்தி வந்த என்-400 நேர்காணல் வரை சென்று, அங்கே தகுதியில்லை என்று மறுக்கப்படலாம். கட்டிய கட்டணம் திரும்பாது. 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி ஐ-751க்கு 750 டாலர். என்-400க்குத் தாளில் 760, இணையவழி 710 டாலர். நாளைக் கைவிரலில் எண்ணாமல், குடிவரவுச் சேவை அமைப்பின் தளத்தில் உள்ள நாள் கணிப்பானைக் கொண்டு பார்த்து, அதற்கும் மேல் இரண்டொரு நாள் தள்ளி அளிப்பதே பாதுகாப்பு.

90 நாள் சலுகை, குடியிருந்த காலத்துக்கு மட்டுமே உரியது. திருமணமாகி மூன்று ஆண்டு, துணைவர் குடிமகனாகி மூன்று ஆண்டு, இருவரும் சேர்ந்து வாழ்ந்து மூன்று ஆண்டு என்பவை விண்ணப்பிக்கும் நாளிலேயே நிறைந்திருக்க வேண்டும். துணைவர் அண்மையில்தான் குடியுரிமை பெற்றார் என்றால், மனைவியின் கிரீன் கார்டு எவ்வளவு பழையதானாலும், கணவர் உறுதிமொழி எடுத்த நாளிலிருந்துதான் மூன்று ஆண்டு எண்ணப்படும். இவை தவிர, அந்த மூன்று ஆண்டுகளில் குறைந்தது 18 மாதம் நாட்டுக்குள் உடலளவில் இருந்திருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் மாநிலத்திலோ அலுவலக எல்லையிலோ மூன்று மாதம் வசித்திருக்க வேண்டும்.

ரசீதுக் கடிதம்

ஐ-751 மனுவைப் பெற்றுக்கொண்டதும் குடிவரவுச் சேவை அமைப்பு ஒரு ரசீதுக் கடிதம் அனுப்பும். காலாவதியான கார்டு, இந்தக் கடிதத்துடன் சேர்ந்து, வேலைக்கும் பயணத்துக்கும் செல்லுபடியாகும் சான்றாகிறது. நீட்டிப்புக் காலம் முன்பு 12 மாதமாக இருந்தது. 2018இல் 18 மாதமாகவும், 2021இல் 24 மாதமாகவும், 2023 ஜனவரியில் 48 மாதமாகவும் ஆக்கப்பட்டது. இரண்டாண்டு கார்டுக்கு நான்காண்டு நீட்டிப்பு என்பதே, வரிசை எவ்வளவு நீளம் என்பதைக் காட்டிவிடுகிறது.

இந்தக் கடிதம் வெறும் தாள். தொலைந்தாலோ நனைந்தாலோ விமான நிலையத்தில் தவிக்க நேரும். இந்தியாவிலிருந்து திரும்பும்போது விமான நிறுவன ஊழியர்கள் காலாவதியான கார்டைப் பார்த்துத் தயங்குவதுண்டு. வேண்டுமானால் உள்ளூர் குடிவரவு அலுவலகத்தில் முன்பதிவு செய்து, கடவுச்சீட்டில் ஐ-551 முத்திரை பெற்றுக்கொள்ளலாம். என்-400 அளிக்கும்போது கிரீன் கார்டின் படியுடன் இந்த ரசீதின் படியையும் இணைப்பது நல்லது. நிலுவை மனு ஒன்று இருக்கிறது என்பது அதைக் கையாளும் அதிகாரிக்கு முதல் நாளிலேயே தெரிந்துவிடும்.

ஒரே நேர்காணல், இரண்டு முடிவுகள்

ஐ-751 மனுக்கள் பெரும்பாலும் தொலைவில் உள்ள சேவை மையங்களில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். என்-400 அப்படி அல்ல. அது விண்ணப்பதாரர் வசிக்கும் பகுதியின் உள்ளூர் அலுவலகத்துக்கு வந்து, நேர்காணல் குறிக்கப்படும். குடியுரிமை நேர்காணலை நடத்தும் அதிகாரி நிலுவையிலுள்ள ஐ-751 மனுவை முதலில், அல்லது கூடவே, முடித்தாக வேண்டும் என்பது குடிவரவுச் சேவை அமைப்பின் கொள்கைக் கையேட்டில் உள்ள விதி. எனவே மையத்தில் தூங்கிக்கொண்டிருந்த கோப்பு உள்ளூர் அலுவலகத்துக்கு வரவழைக்கப்படுகிறது. குடியுரிமை விண்ணப்பமே பழைய மனுவை நகர்த்தும் நெம்புகோலாக அமைவது இவ்வாறுதான். காத்திருப்பதற்குப் பதில் விண்ணப்பிக்கலாம் என்று குடிவரவு வழக்கறிஞர்கள் பலர் சொல்வதற்கும் இதுவே காரணம்.

நேர்காணல் அழைப்பில் பல நேரம் என்-400 மட்டுமே குறிப்பிடப்பட்டிருக்கும். அதை நம்பி விண்ணப்பதாரர் தனியாகச் சென்றுவிடுகிறார். கூட்டு மனுவை முடிக்க இருவரிடமும் கேள்வி கேட்க அதிகாரி விரும்பினால், துணைவர் இல்லாததால் மட்டுமே வேலை தள்ளிப்போகும். அழைப்பில் எப்படி எழுதியிருந்தாலும் துணைவரையும் அழைத்துச் செல்வதும், ஐ-751 அளித்த பிறகு சேர்ந்த சான்றுகளைத் தனிக் கோப்பாக எடுத்துச் செல்வதும் அவசியம்.

சான்றுகள் என்னும் இடத்தில் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. இருவர் பெயரிலும் வீட்டு வாடகை ஒப்பந்தம், கூட்டு வங்கிக் கணக்கு, ஒருவரையொருவர் பயனாளியாகக் குறித்த காப்பீடு, சேர்ந்து செலுத்திய வருமான வரி ஆகியவற்றைத்தான் அதிகாரி எதிர்பார்க்கிறார். பெற்றோருடன் ஒரே வீட்டில் வசிக்கும் தம்பதியிடம் வாடகை ஒப்பந்தம் இருக்காது. வீடு மாமனார் பெயரில் இருக்கும். வரவு செலவு எல்லாம் கணவரின் பழைய கணக்கிலேயே ஓடும். வாழ்க்கை உண்மையாக இருந்தும் காகிதத்தில் அது தெரியாது. இவர்கள் வீட்டு உரிமையாளரான பெற்றோரின் உறுதிமொழிக் கடிதம், ஒரே முகவரிக்கு இருவருக்கும் வந்த தபால்கள், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், மருத்துவக் காப்பீட்டு அட்டை, சேர்ந்து சென்ற பயணச்சீட்டுகள் ஆகியவற்றை முதல் ஆண்டிலிருந்தே எடுத்துவைக்க வேண்டும். திருமண ஆல்பம் மட்டும் போதாது. அது ஒரு நாளைத்தான் காட்டும். கேட்கப்படுவது மூன்று ஆண்டு.

வரிப் படிவத்தைத் தனியே சொல்ல வேண்டும். திருமணமான பின்பும் பழைய பழக்கத்தில் திருமணமாகாதவர் என்று குறித்து வரி செலுத்தியவர்கள், நேர்காணலுக்கு முன் கணக்காளரிடம் சொல்லித் திருத்திய படிவம் அளிப்பது நல்லது. அந்த ஒரு கட்டம், மற்ற எல்லாச் சான்றுகளையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும்.

நேர்காணலில் ஆங்கிலமும் குடிமையியலும் சோதிக்கப்படும். 2025 அக்டோபர் 20 அன்றோ அதற்குப் பிறகோ விண்ணப்பித்தவர்களுக்கு 128 கேள்விகள் கொண்ட தொகுப்பிலிருந்து 20 வரை கேட்கப்பட்டு, 12க்குச் சரியான விடை வேண்டும். அதற்கு முன் விண்ணப்பித்தவர்களுக்கு 100 கேள்விகளிலிருந்து 10 வரை, 6 போதும். முதல் முறை தவறினால் 60 முதல் 90 நாட்களுக்குள் தவறிய பகுதிக்கு மட்டும் மறுதேர்வு. தேர்வில் தவறுவது ஐ-751 மனுவைப் பாதிக்காது. அன்றே நிபந்தனை நீக்கப்பட்டு, குடியுரிமை மட்டும் மறுதேர்வுக்குத் தள்ளப்படலாம்.

முடிவில் தரப்படும் தாளில் பரிந்துரைக்கப்பட்டது, தொடர்கிறது, இப்போது முடிவு சொல்ல இயலாது என்ற வகையில் ஒரு கட்டம் குறிக்கப்பட்டிருக்கும். கோப்பு வந்து சேராததால் கடைசிக் கட்டம் குறிக்கப்படுவது சகஜம். அது மறுப்பு அல்ல.

மணவாழ்க்கை முறிந்தால்

இருவரும் சேர்ந்து தொடங்கிய இரண்டு நடைமுறைகளும் பிரிவு, மணமுறிவு, மரணம் ஆகியவற்றின்போது வெவ்வேறு விதமாக நடந்துகொள்கின்றன. விண்ணப்பதாரர் அதிகம் இழக்கக்கூடிய இடம் இதுவே.

ஐ-751 மனுவுக்கு மணமுறிவு முடிவல்ல. திருமணம் நல்லெண்ணத்துடன் செய்யப்பட்டது என்று நிறுவ முடிந்தால், துணைவரின் கையெழுத்து இல்லாமலே விலக்குக் கோரலாம். ஏற்கனவே அளித்த கூட்டு மனுவை, மணமுறிவுத் தீர்ப்பைக் காட்டி, விலக்கு மனுவாக மாற்றுமாறும் கேட்கலாம். துணைவரின் வன்கொடுமை, நாட்டை விட்டு அனுப்பினால் ஏற்படும் கடும் இன்னல் ஆகியவையும் தனித்தனி விலக்குகள். விலக்குக் கோரும் மனுவுக்கு 90 நாள் வரம்பு இல்லை. துணைவர் இறந்துவிட்டால் மனுவைத் தனியாகவே அளிக்கலாம்.

மூன்றாண்டு விதியின் கீழ் அளித்த என்-400 இவ்வளவு தாராளமானதல்ல. உறுதிமொழி எடுக்கும் கணம் வரை திருமணம் நீடிக்க வேண்டும். நேர்காணலில் வென்று, உறுதிமொழி நாள் குறிக்கப்பட்ட பின் மணமுறிவுத் தீர்ப்பு வந்தாலும் தகுதி போய்விடும். துணைவர் இறந்தாலும் பொதுவாக அதே நிலைதான். பணியின்போது இறந்த படைவீரரின் துணைக்கு மட்டும் தனிச் சலுகை உண்டு. உடனே வேறொரு அமெரிக்கக் குடிமகனை மணந்தாலும் இழந்த தகுதி மீளாது. அவர் எல்லாரையும் போல ஐந்தாண்டு நிறைவு வரை காத்திருந்து, பொது விதியின் கீழ் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். உறுதிமொழிக்கு முன் நேர்ந்த மணமுறிவை மறைத்துக் குடியுரிமை பெற்றால், பல ஆண்டு கழித்தும் அது பறிக்கப்படலாம். உறுதிமொழி நாளன்று தரப்படும் படிவத்தில், நேர்காணலுக்குப் பின் மண நிலை மாறியதா என்று கேட்பது இதற்காகவே.

வன்கொடுமைக்கு உள்ளானவருக்கு மட்டும் சட்டம் வேறு வழி வைத்திருக்கிறது. குடிமகனான துணைவரின் கொடுமையின் அடிப்படையில் நிரந்தர உரிமை பெற்றவர், அவருடன் சேர்ந்து வாழ்ந்ததைக் காட்டாமலே மூன்றாண்டு விதியைப் பயன்படுத்தலாம் என்று 2000ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. கையெழுத்துப் போட மாட்டேன், கிரீன் கார்டு போய்விடும் என்று மிரட்டப்படும் பெண்கள் பலருக்கு இந்த வழி இருப்பதே தெரிவதில்லை.

வேலைக்காக இருவரும் வெவ்வேறு நகரங்களில் இருப்பது தானாகவே பிரிவு ஆகிவிடாது. படைப்பணி, தவிர்க்க முடியாத தொழில் தேவை ஆகியவற்றால் நேரும் பிரிவைச் சட்டவிதிகள் ஏற்கின்றன. ஆனால் அதை விளக்க வேண்டிய பொறுப்பு விண்ணப்பதாரருடையது.

ஐ-751 ஆண்டுக்கணக்கில் இழுத்து, அதற்குள் ஐந்தாண்டும் நிறைந்துவிட்டால், என்-400ஐப் பொது விதியின் கீழேயே அளிப்பது பெரும்பாலும் மேல். அப்போது குடியுரிமைப் பகுதி மணவாழ்க்கையைச் சார்ந்து நிற்காது. நிபந்தனை நீக்கப் பகுதி மட்டும் சார்ந்திருக்கும்.

ஊருக்குப் போய் வருதல்

ஆறு மாதத்துக்கு மேல், ஓராண்டுக்குள் வெளிநாட்டில் தொடர்ந்து இருந்தால், தொடர்ச்சியான குடியிருப்பு முறிந்ததாகக் கருதப்படும். முறியவில்லை என்று விண்ணப்பதாரர் நிறுவ வேண்டும். ஓராண்டோ அதற்கு மேலோ என்றால் முறிந்ததுதான். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்லும் வழக்கம் இந்த விதியில் நேராகப் போய் மோதுகிறது. ஏழாம் மாதம் வளைகாப்புக்கு ஊருக்குச் சென்று, குழந்தைக்கு மூன்று மாதம் ஆனபின் திரும்பினால் ஆறு மாதத்தைத் தொட்டுவிடும். குழந்தையின் கடவுச்சீட்டு தாமதமானால் தாண்டியும் விடும். இரு விண்ணப்பங்களும் நிலுவையில் இருக்கும்போது அத்தகைய பயணம் கைரேகை அழைப்பையோ நேர்காணலையோ தவறவிடும் ஆபத்தையும் சேர்த்துக்கொள்கிறது. அம்மாவை இங்கே வரவழைத்துக்கொள்வது பலருக்கும் எளிய தீர்வாக இருந்திருக்கிறது.

மறுப்பும் நீதிமன்றமும்

விண்ணப்பிப்பதா, காத்திருப்பதா என்பதில் எல்லாருக்கும் ஒரே விடை இல்லை. குடியுரிமை விண்ணப்பம் முழுக் கோப்பையும் திறந்து காட்டுகிறது. கிரீன் கார்டு பெற்ற விதமே சரியா என்பது வரை அதிகாரி பார்க்கலாம். மணவாழ்க்கை நிலையாக, பயணங்கள் குறுகியவையாக, காவல்துறை வழக்கு ஏதும் இல்லாமல் இருப்பவருக்கு விண்ணப்பிப்பதில் இழப்பதற்கு அதிகம் இல்லை. குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கு, நீண்ட வெளிநாட்டு வாசம், ஏற்கனவே தொடங்கிவிட்ட பிரிவு இவற்றில் ஒன்று இருந்தாலும், படிவத்தை நிரப்பும் முன் குடிவரவு வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும். ஊர்ச் சங்கத்து நண்பரின் அனுபவம் இங்கே போதாது.

ஐ-751 மறுக்கப்பட்டால் குடியிருப்பு உரிமை முடிவுக்கு வரும். அதனுடன் என்-400ம் விழும். மேல்முறையீடு இல்லை. நாடுகடத்தல் நடவடிக்கை தொடங்கி, குடிவரவு நீதிபதி முன் அந்த மறுப்பை மறுபரிசீலனை செய்யக் கோரலாம். கூட்டு மனுவைப் பொறுத்தவரை, திருமணம் பற்றிச் சொன்னவை உண்மையல்ல என்று நிறுவும் சுமை அங்கே அரசின் மீது விழுகிறது. என்-400 மட்டும் மறுக்கப்பட்டால் 30 நாளுக்குள் படிவம் என்-336 மூலம் மறுவிசாரணை கேட்கலாம்.

மறுப்பும் இல்லாமல் ஒப்புதலும் இல்லாமல் கிடந்தால், நேர்காணல் நடந்து 120 நாள் கழிந்தபின் கூட்டரசு மாவட்ட நீதிமன்றத்தை அணுகும் உரிமையைச் சட்டத்தின் 336ஆம் பிரிவு தருகிறது. நீதிமன்றம் தானே முடிவு செய்யலாம். பெரும்பாலும் குறித்த காலத்துக்குள் முடிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பும். வழக்குத் தொடுத்ததுமே, விசாரணைக்கு முன்பாக, கோப்பு நகர்ந்துவிடும் நேரங்களும் உண்டு.

உறுதிமொழிக்குப் பின்

நிபந்தனை நீக்கமும் குடியுரிமையும் ஒரே நாளில் ஏற்கப்பட்டால், பத்தாண்டு கிரீன் கார்டு கைக்கு வராமலே சிலர் குடிமக்கள் ஆகிவிடுகின்றனர். அலுவலகத்தைப் பொறுத்து உறுதிமொழியும் அன்றே நடக்கலாம். உறுதிமொழியின்போது பழைய கிரீன் கார்டைத் திருப்பித் தந்துவிட வேண்டும். கையில் கிடைப்பது குடியுரிமைச் சான்றிதழ். அதை வைத்து விண்ணப்பித்தால்தான் அமெரிக்கக் கடவுச்சீட்டு வரும்.

இந்தியாவின் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி ஏற்றவரின் இந்தியக் குடியுரிமை அப்போதே முடிந்துவிடும். இந்தியக் கடவுச்சீட்டைத் துணைத் தூதரகத்தில் ஒப்படைத்துச் சான்று பெற்ற பிறகு, வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். இலங்கைச் சட்டம் சற்று மாறுபட்டது. முன்கூட்டியே தக்கவைப்புக்கு விண்ணப்பித்தோ, இழந்தபின் மீளப்பெற்றோ இரட்டைக் குடியுரிமை வைத்துக்கொள்ள அது இடமளிக்கிறது.

இடைப்பட்ட சில வாரங்களில் இந்தியக் கடவுச்சீட்டில் பயணம் செய்ய முடியாது. அமெரிக்கக் கடவுச்சீட்டு வந்திருக்காது. வந்தாலும் இந்தியா செல்ல விசாவோ மேற்சொன்ன அட்டையோ வேண்டும். நேர்காணல் வாரத்தை அடுத்து ஊரில் நடக்கும் திருமணத்துக்குப் பயணச்சீட்டு எடுத்திருப்பவர்கள், உறுதிமொழியை வேறொரு நாளுக்கு மாற்றித் தருமாறு அலுவலகத்தைக் கேட்கலாம். அதுவரை பழைய கார்டும் ரசீதுக் கடிதமும் செல்லுபடியாகும்.